பூசணிக்காய் உடைக்காத படம்

'சாம்பல் யுகம்' படத்தில் உலகம் அழிந்துபோனது. படம் வெளிவந்த மூன்றாம் நாளே எல்லாத் தியேட்டரிலிருந்தும் தூக்கிவிட்டார்கள். ஆனால் அதற்குப் பூசணிக்காய் உடைக்கவில்லை. அதனால் எனக்கு உலகம் இன்னும் அழிந்தபடியே இருக்கிறது.

சினிமாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எந்தப் படமானாலும் பூஜை போட்டு ஆரம்பிப்போம். கடைசி நாள் கடைசி ஷாட் எடுத்து முடித்ததும், பூசணிக்காய் மேல் கற்பூரம் ஏற்றி, கேமராவுக்குச் சுற்றி, தரையில் போட்டு உடைப்போம். அதற்கப்புறம்தான் ராஜா வேஷம் போட்டவர் வேட்டி மாற்றிக்கொண்டு பஸ் பிடிக்கலாம், செத்தவர் எழுந்து டீ குடிக்கலாம். உடைக்கவில்லை என்றால் படம் முடியவில்லை. அது ஓடியதா, ஊற்றிக்கொண்டதா என்பதெல்லாம் வேறு கணக்கு.

என் பெயர் மரகதம். சாலிகிராமத்தில் இருக்கிறேன். கூட்டத்தில் நிற்பது என் தொழில். சந்தையில் நின்றிருக்கிறேன், கோர்ட்டில் நின்றிருக்கிறேன், யார் யாருடைய சாவுக்கோ மாரில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறேன். திரையில் என்னைத் தேட வேண்டுமென்றால் படத்தை நிறுத்தி வைத்துத்தான் தேட வேண்டும். 'சாம்பல் யுகம்' படத்தில்தான் முதல்முறையாக எனக்கு ஓர் எண் கிடைத்தது. உலகத்தில் மிச்சமிருக்கும் ஏழு பேரில் நான் ஆறாவது ஆள்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. உலகத்திலிருந்து தண்ணீர் எல்லாம் போய்விடுகிறது. வானத்திலிருந்து சாம்பல் கொட்டுகிறது. ஏழு பேரும் கடலைத் தேடி நடக்கிறோம். இதற்காக ஓர் உப்பளத்தை வளைத்து, இடிந்த நகரம் ஒன்றை முழுசாகக் கட்டினார்கள். ஊரெல்லாம் பேனர் வைத்தார்கள். ஹீரோ தோளில் ஒரு நங்கூரத்தைச் சுமந்துகொண்டு நிற்பார். நங்கூரம் எதற்கு என்று படத்தில் கடைசிவரை சொல்லவில்லை. கடலும் வரவில்லை. ஜனங்கள் இடைவேளைக்கு எழுந்து போனவர்கள் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டதால், கடல் வராத விஷயம் யாருக்கும் தெரியாது.

பூசணிக்காய் உடைக்காததால் அந்த அழிவு என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டது, என்னைச் சுற்றி ஒரு ஃபிரேம் அளவுக்குத்தான் இருக்கும். நான் கூடத்தில் உட்கார்ந்தால் கூடத்துச் சுவரில் விரிசல் விடும். எழுந்து சமையல்கட்டுக்குப் போனால் கூடம் சரியாகிவிடும், சமையல்கட்டு இடியும். படத்துக்காக இடது கன்னத்தில் ஒட்டிய தீக்காயம் எத்தனை முறை துடைத்தாலும் மறுநாள் காலையில் அதே இடத்தில் இருக்கும். கிழிந்த பழுப்புச் சேலையை மாற்றிக்கொண்டு பார்த்தேன், மாற்றிய சேலையும் அதே இடத்தில் கிழிந்தது. ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டிலும் மாறாமல் இருக்க வேண்டும், கன்டினியூட்டி என்றால் அப்படித்தான்.

படத்தில் கிராபிக்ஸ் மோசம் என்று எல்லோரும் திட்டினார்கள். திட்டியது நியாயம்தான். என்மேல் விழுகிற சாம்பல் தரைக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிடும். எனக்குப் பின்னால் இடிந்த கோபுரம் ஒன்று தெரியும், அதன் ஓரத்தில் கிராபிக்ஸுக்காகக் கட்டிய பச்சைத் துணி அப்படியே தெரியும். ஒரு கழுகு சுற்றும். அது இறக்கையை ஒரே மாதிரி அசைக்கும், திரும்பத் தெரியாது. சுவர் வந்தால் சுவருக்குள் போய்விடும்.

அக்கம்பக்கத்தில் யாரும் குறை சொல்லவில்லை. துணி காயப்போட்டிருந்தால் கொஞ்சம் தள்ளி வரச் சொல்வார்கள். பஸ்ஸில் கண்டக்டர், "அக்கா, முன்னாடி போகாதீங்க, ஸ்டியரிங் துரு ஏறிடும்" என்பார். நானும் பின்படிக்கட்டுப் பக்கமே நின்றுகொள்வேன். கஷ்டம் தண்ணீர்தான். படத்தில் உலகத்தில் தண்ணீர் கிடையாது, ஆகவே என் கைக்கு வந்த தண்ணீர் மறைந்துவிடும். படத்தில் கள்ளிச்சாறு குடித்துத்தான் உயிர் வாழ்ந்தோம். இந்த நான்கு வருஷமாக அதுதான் குடிக்கிறேன். கசப்பு பழகிவிட்டது, குளிக்காமல் இருப்பதுதான் பழகவில்லை.

எங்கள் ஏழு பேரில் பெரியவர்கள் யாருக்கும் இந்தத் தொல்லை இல்லை. ஹீரோ, ஹீரோயின், இன்னும் மூன்று பேர் அவரவர் போர்ஷன் முடிந்த அன்றே கேக் வெட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். கேக் வெட்டினால் அந்த ஆளைப் பொறுத்தவரை படம் முடிந்தது. பூசணிக்காயை நம்பி இருந்தது நானும் ஏழாவது ஆளும்தான். ஏழாவது ஆள் சொந்த ஊருக்குப் போய்விட்டார். அங்கே ஏற்கெனவே குழாயில் தண்ணீர் வராததால் வித்தியாசம் தெரியவில்லை என்று போனில் சொன்னார்.

நானும் அப்படியே இருந்திருப்பேன். என் மகள் மோனிஷாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது.

மாப்பிள்ளை தினகரன், அரக்கோணத்தில் டயர் கடை வைத்திருக்கிறார். நல்ல பையன். பெண் பார்க்க வந்த அன்று என் பக்கத்தில் உட்கார்ந்து, தலையில் விழுந்த சாம்பலைத் தட்டாமல் காபி குடித்தார். அவருடைய அம்மா சுலோசனாதான் கூடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கழுகு அவள் தலை வழியாக உள்ளே போய் வெளியே வந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி" என்றாள். "அழிவு இருக்கறது பரவால்ல. எங்க வீட்லயும் ஒண்ணு ரெண்டு இருக்கு. இது கொஞ்சம் நீட்டா இருந்தா நல்லாருக்கும். அந்தப் பச்சைத் துணியையாவது மடிச்சு வைக்கலாம்ல?"

"அது என் கையில இல்லீங்க" என்றேன்.

"சரி, இருக்கட்டும். தாரை யார் வார்க்கறது?"

அதை நான் அதுவரை யோசிக்கவில்லை. முகூர்த்தத்தில் பெண்ணின் கையை அப்பா மாப்பிள்ளை கையில் வைப்பார். அம்மா செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுவாள். ஊற்றினால்தான் பெண்ணைக் கொடுத்ததாக அர்த்தம். என் வீட்டுக்காரர் சிகாமணி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிச் சாய்த்தேன். செம்பு காய்ந்து கிடந்தது. சுலோசனா விரலை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள், துடைக்க ஒன்றும் இல்லை.

"உங்க கொழுந்தனார் சம்சாரத்தை ஊத்தச் சொல்லிடலாம்" என்றாள். மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை.

மோனிஷா உள்ளேயிருந்து வந்தாள். "எங்கம்மா ஊத்துவாங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவர்கள் போன பிறகு நான் உட்கார்ந்து அழுதேன். கண்ணீரும் தண்ணீர்தானே, கன்னத்துக்கு வரவில்லை. படத்துக்காக எத்தனையோ அழுகை அழுதவள், என் சொந்த வீட்டு விசேஷத்துக்கு ஒரு சொட்டு அழ முடியாமல் உட்கார்ந்திருந்தது எனக்கு ரொம்ப வலித்தது.

மறுநாள் டைரக்டர் செங்குட்டுவனைப் பார்க்கப் போனேன். வளசரவாக்கத்தில் இருக்கிறார். படம் ஊற்றிக்கொண்டதிலிருந்து வெளியே போவதில்லை. சோபாவில் உட்கார்ந்து, அணைத்து வைத்த டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்ததும் சோபா பாதி கிழிந்தது. டீ தம்ளரை மட்டும் என் ஃபிரேமுக்கு வெளியே நகர்த்தி வைத்தார்.

"பூசணிக்காய் உடைச்சிடுங்க சார். பொண்ணுக்குக் கல்யாணம்."

"எப்படிம்மா உடைக்கிறது? கடைசி சீன் எடுக்கலையே."

"எடுக்கலையா?"

"கடல் சீன். நீங்க எல்லாம் கடலைப் பாக்கறீங்க. பாத்துட்டு ஒருத்தர் ஒரு வார்த்தை பேசணும். அந்த வார்த்தை எனக்கு வரவே இல்ல. ரிலீஸ் தேதி வந்துடுச்சு. சீன் பாக்கி வச்சிட்டுப் பூசணிக்காய் உடைச்சா அது பாவம் மரகதம்மா."

அவர் சொல்வது முறைதான். "அப்ப எடுத்துடுங்க சார்" என்றேன். அவர் செல்போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இருவரும் ஷேர் ஆட்டோ பிடித்துக் கடற்கரைக்குப் போனோம்.

நான் மணலில் இறங்கியதும் கடல் பின்வாங்கியது. தண்ணீர் இல்லாத ஃபிரேமில் கடல் எப்படி நிற்கும்? நான் நடந்தேன், அது போனது. டைரக்டர் செல்போனைப் பிடித்தபடி கூட நடந்தார். மீன் பிடிக்கிறவர் ஒருவர் தரையில் உட்கார்ந்துவிட்ட படகிலிருந்து குரல் கொடுத்தார்.

"யம்மா, ரொம்பத் தள்ளாதம்மா. அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு வெள்ளம் வந்துடப் போவுது."

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பினோம். கடலைப் பார்த்தால்தான் படம் முடியும், படம் முடிந்தால்தான் கடல் நிற்கும். டைரக்டர் ஈர மணலில் உட்கார்ந்து செருப்பிலிருந்து ஒரு சிப்பியை எடுத்துப் போட்டார். "படமும் இதனாலதாம்மா ஓடல" என்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவரைத் திட்டலாம் என்று வந்தவள், ஆட்டோ ஏற்றி அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

சிகாமணி ரிடையரான லைட்மேன். அதிகம் பேச மாட்டார். நான் நடந்ததைச் சொல்லி முடித்த பிறகு, "கேக் வெட்டிடேன்" என்றார்.

"துணை நடிகைக்கு யாருங்க கேக் வெட்டுவாங்க? டயலாக் இருக்கறவங்களுக்குத்தான் போர்ஷன்."

"டயலாக் வச்சிட்டா?"

"படம்தான் வந்து போயிடுச்சே."

"டப்பிங்ல வைக்கலாம்ல" என்றார். இத்தனை வருஷம் லைட்டுக்குப் பின்னால் நின்றவர், எங்கிருந்து எதைக் கவனித்தாரோ. எனக்கு அவர்மேல் பெருமையாக இருந்தது.

டைரக்டர் உடனே ஒத்துக்கொண்டார். டப்பிங் தியேட்டரில் எங்களைத் தவிர சவுண்ட் இன்ஜினியர் ஒருவர் மட்டும் இருந்தார். நான் மைக் முன்னால் நின்றதும் மைக் சாம்பல் பூத்தது. அவர் கர்சீப்பால் துடைத்துவிட்டுப் போனார். டைரக்டர் படத்தை ஓட்டி, என் முதுகு தெரிகிற ஒரு ஷாட்டைக் கண்டுபிடித்தார். முதுகு தெரிந்தால் உதட்டசைவுத் தொல்லை இல்லை, எதை வேண்டுமானாலும் பேச வைக்கலாம். நம் சினிமாவில் எத்தனையோ கதைகளை இப்படி முதுகை வைத்துத்தான் காப்பாற்றியிருக்கிறார்கள்.

"என்ன சார் சொல்லணும்?"

"தெரியலம்மா. அது தெரிஞ்சிருந்தா படம் ஓடியிருக்கும். நீங்களே ஏதாவது சொல்லிடுங்க."

திரையைப் பார்த்தேன். உப்பளத்து வெயிலில் ஏழு பேர் நடந்துகொண்டிருந்தோம். முன்னால் ஹீரோ நங்கூரத்தோடு போனார். நான் ஆறாவதாகப் போனேன். அந்த ஷாட்டை எடுத்த நாள் எனக்கு நினைவிருந்தது. ஒன்ஸ்மோர் கேட்டுக் கேட்டு எங்களைப் பொழுதெல்லாம் நடக்க விட்டார்கள். உப்பு காலைக் கிழித்திருந்தது. கால் கிழிந்ததும் திரையில் தெரியவில்லை, வலித்ததும் தெரியவில்லை. முதுகு மட்டும் போய்க்கொண்டே இருந்தது. அந்த முதுகைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாம்பா" என்றேன்.

திரையில் ஹீரோ நின்றார். திரும்பிப் பார்த்தார். நங்கூரத்தை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஹீரோயின் அவர் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். ஒவ்வொருவராக எல்லோரும் உட்கார்ந்தோம். சவுண்ட் இன்ஜினியர் கட்டைவிரலை உயர்த்தினார்.

அதற்கப்புறம் படத்தில் யாரும் எழுந்திருக்கவில்லை. சண்டைக் காட்சி வர வேண்டிய இடத்தில் வில்லன் பெரிய வண்டியில் படையோடு வந்தான். நாங்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி, கொஞ்சம் தள்ளி அவனும் உட்கார்ந்தான். படை முழுவதும் உட்கார்ந்தது. கழுகு ஒரு கல்லில் இறங்கியது. டைரக்டர் படம் முடிகிறவரை பார்த்தார்.

"இதையே முதல்ல எடுத்திருக்கலாம்" என்றார்.

சிகாமணி தெருமுனையில் இருந்த பேக்கரியிலிருந்து கேக் வாங்கி வந்திருந்தார். பிளாஸ்டிக் கத்தியால் வெட்டினேன். நான்கு பேரும் கை தட்டினோம். சாம்பல் நின்றது. கோபுரம் ஓரத்துப் பச்சைத் துணியோடு சேர்ந்து போனது. கன்னத்துத் தீக்காயம் ரப்பராகக் கையோடு வந்தது, குப்பைக் கூடையில் போட்டேன். டப்பிங் தியேட்டர் மூலையில் இருந்த கேனைத் திறந்து ஒரு தம்ளர் பிடித்தேன். தம்ளரில் தண்ணீர் நின்றது. குடித்தேன். மறுபடி பிடித்துக் குடித்தேன். கேன் காலியாகும்வரை குடித்தேன். சிகாமணி, "மெதுவா, மெதுவா" என்று என் முதுகைத் தடவினார்.

கல்யாணம் அரக்கோணத்தில், மாப்பிள்ளை வீட்டார் பிடித்த மண்டபத்தில் நடந்தது. நான் குளித்து, கிழியாத பட்டுச்சேலை கட்டியிருந்தேன். சுலோசனா என்னைப் பார்த்ததும், "அழிவு எங்க சம்பந்தி?" என்று விசாரித்தாள். முடிந்துவிட்டது என்றேன். "அதுவும் நல்லதுதான்" என்றாள். டைரக்டரும் வந்திருந்தார். மொய்க்கவரைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

முகூர்த்த நேரம் வந்தது. சிகாமணி மோனிஷாவின் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்து, கீழே தன் கையைக் கொடுத்துத் தாங்கினார். ஐயர் என்னைப் பார்த்து, "தாரை வாரும்மா" என்றார். செம்பை எடுத்தேன். இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் இந்த ஒரு செம்புக்காக. சாய்த்தேன். தண்ணீர் வந்தது.

மோனிஷாவின் மருதாணிக் கையில் விழுந்து, விரல் இடுக்கில் இறங்கி, மாப்பிள்ளை கையில் வழிந்தது. அழுதேன், கண்ணீரும் வந்தது. எல்லாம் வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. செம்பு காலியானால் இவள் என் வீட்டுப் பெண் இல்லை. ஊரறிந்த விஷயம்தான், எனக்கும் தெரியும். ஆனால் தண்ணீர் வருமா வருமா என்றே இத்தனை நாள் கவலைப்பட்டவள், அது தீர்ந்துபோகும் என்பதை ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

"போதும்மா" என்றார் ஐயர்.

"இன்னும் இருக்கு" என்றேன்.

இருந்தது. ஊற்றினேன். சின்னச் செம்புதான். தண்ணீர் மணையை நனைத்து, மேடையிலிருந்து இறங்கி, முதல் வரிசைக்குப் போனது. முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்கள். சிகாமணியின் கை அசையவில்லை. லைட்டைப் பிடித்தால் கட் சொல்லும்வரை அசையாத கை அது. யாரோ டைரக்டரிடம் போய், கட் சொல்லிவிடுங்களேன் என்று கேட்டார்கள். அவர் பேன்ட்டை மடித்து விட்டுக்கொண்டு, "கேமரா கொண்டு வரலையே" என்று வருத்தப்பட்டார்.

மோனிஷா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"கை வலிக்கலையாம்மா?"

"இல்லடி."

"அப்ப ஊத்து" என்றாள்.

மத்தியானம் ஆனது. சுலோசனா மிதந்துபோன செருப்புகளைப் பொறுக்கி ஜோடி சேர்த்து மேடைமேல் வைத்தாள். மாப்பிள்ளைக்கு ஒரு கை மரத்துவிட்டதால் மற்றக் கையை மாற்றிக் கொடுத்தார். ஐயர் அந்த மந்திரத்தையே திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பந்தி மாடிக்குப் போய்விட்டது. சாம்பார் அண்டாவை மட்டும் கயிறு கட்டி இழுக்க வேண்டியிருந்தது, அதையும் டயர் கடைப் பையன்கள் ட்யூப் போட்டு நல்லபடியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

நான் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். மறுநாள் விடிந்து, அடுத்த முகூர்த்தத்துக்காரர்கள் மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். வாசல் வாழைமரத்தில் தாங்கள் வந்த படகைக் கட்டிவிட்டு, பெண்ணை அதிலேயே உட்கார வைத்து அலங்காரம் செய்கிறார்கள். அவர்களுடைய நாயனக்காரர் மட்டும் ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்து, இன்னும் முடியவில்லை என்று கை காட்டிவிட்டுப் போனார்.